கயிற்றை இழுத்தால் பாடும் ஆல்பம்

ஜெரால்டு வீட்டு மிக்ஸி ஓடவில்லை என்று ஒரு நாள் பிற்பகலில் தண்டலம் போயிருந்தேன். கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். கூட வேலை பார்க்கிற எல்லார் வீட்டு மிக்ஸிக்கும் நான்தான் வைத்தியர் என்பது வேலை உத்தரவில் எழுதாத விதி.

நான் மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டு திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஜெரால்டு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்துகொண்டிருந்தான். நடக்கப் பழகி, நடப்பதை நிறுத்த மறுக்கிற வயது அந்தக் குழந்தைக்கு. அவன் மனைவிக்கு போன் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். இவன் முதல் ஷிப்ட் முடித்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டால்தான் அவள் கிளம்ப முடியும்.

"பாட்டு போட்டாத்தாண்ணே தூங்கும். இல்லாங்காட்டி பொழுது சாயிற வரிக்கும் ஆட்டம்தான்" என்றபடி டிவி மேல் இருந்த போனைத் தட்டினான்.

கிதார் ஆரம்பித்தது. எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரிந்த ஐந்தாறு சுரங்கள். அடுத்த நொடி ஜெரால்டின் உடம்பு துள்ளியது. இடது கால் முன்னால் பாய்ந்தது. வலது கை தலைக்கு மேலே போய், அங்கே இல்லாத எதையோ பிடித்து இழுத்தது. ஒற்றைக் கையில் நின்ற குழந்தை தோளிலிருந்து இடுப்புக்குச் சறுக்கி, வீறிட்டு அழுதது.

நான் சிரித்துவிட்டேன். யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

"சிரிக்காதண்ணே" என்று போனை அணைத்தான். "ஒரு மாசமா இப்டித்தான் கீது. இது காதுல வுழுந்தா கால் தானா ஓடுது. முந்தாநாளு பாப்பா நெத்தி கதவுல இடிச்சிக்கிச்சி, பாரு."

பார்த்தேன். புருவத்துக்கு மேலே சின்னதாக வீங்கி இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"வேற பாட்டு எதுவும் அதுக்கு ஆவல. எனக்கும் ஆவல. இன்னாண்ணே பண்றது?"

இந்த வினையை நாங்களே இழுத்துவிட்டுக்கொண்ட கதைதான் இந்த வாரம்.

நான்கு கிழவர்களும் ஏழு படங்களும்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கார்களுக்கு டாஷ்போர்டு செய்கிறது. புது லைன் போட்ட காலத்தில் மிஷினை நிறுவ ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் வந்தார். நெடுநெடுவென்று இருப்பார். வெயிலில் மூக்கு உரிந்து எப்போதும் சிவந்திருக்கும். கையடக்க ஸ்பீக்கர் ஒன்றை மிஷின் மேல் வைத்துவிட்டு வேலை பார்ப்பார். அதில் நாள் முழுக்க ஒரே ராக் குழுவின் பாட்டு.

முதல் வாரம் தலைவலித்தது. இரண்டாம் வாரம் பழகியது. மூன்றாம் வாரம் அவர் ஒரு நாள் வரவில்லை. அன்று எனக்கு என்னவோ போல இருந்தது. பிடித்துப்போனதை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

ஊருக்குப் போகும்போது பேனல் போர்டுக்குள் ஒரு பென் டிரைவை மறந்துவிட்டுப் போனார். அல்லது எனக்காக விட்டுவிட்டுப் போனார். அதில் ஏழு ஆல்பங்கள். பெயர் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் அட்டைப்படம் மட்டும்தான். ஆகவே படத்தை வைத்தே நாங்கள் பெயர் சூட்டினோம். முதல் ஆல்பம் ரயில் பாலம். மூன்றாவது வெள்ளைக் குதிரை. ஐந்தாவது மஞ்சள் கதவு. கடைசி ஆல்பத்தின் அட்டையில் காலியான ஒரு நாற்காலி. மற்ற மூன்றுக்கும் பெயர் உண்டு, ஆனால் அவற்றுக்காக யாரும் சண்டை போட்டதில்லை.

குழுவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தத் தொடரின் மீதி வாரங்களை உங்கள் கடிதங்களுக்குப் பதில் சொல்லியே ஓட்ட வேண்டியிருக்கும். கேன்டீன் இட்லிக்குச் சாம்பாரா, சட்னியா என்று எழுதிய வாரத்திலேயே போதும் போதும் என்றாகிவிட்டது. நாங்கள் பிறப்பதற்கு முன்பே கலைந்துபோன குழு, நான்கு பேர், உயிரோடு இருந்தால் நான்கு கிழவர்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

கட்சிகள்

நான் ரயில் பாலம் கட்சி. அதில் அவர்கள் இளைஞர்கள், கையில் காசில்லை, வாத்தியங்களும் இரவலாகத்தான் இருந்திருக்கும். அங்கங்கே சுருதி கொஞ்சம் விலகும். அந்த விலகல்தான் எனக்குப் பிடிக்கும்.

ஜெரால்டு எங்கள் லைனின் டீம் லீடர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிதார் வாசிப்பவன். அதனால் சங்கீதம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைப்பு. அவன் மஞ்சள் கதவு கட்சி. "உன் பாலத்துல வாசிக்கிறது டியூன் பண்ணாத கிதாருண்ணே. எங்க சர்ச்ல அப்டி வாசிச்சா ஆராதனை முடியிறதுக்குள்ள வெளிய அனுப்பிடுவாங்க" என்பான்.

முத்துப்பாண்டி கோவில்பட்டிப் பக்கம். படப்பையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். திருகாணி முடுக்குகிற ஸ்டேஷன் அவனுடையது. முடுக்குகிற இறுக்கத்துக்கு அங்கே டார்க் என்று பெயர். அவன் வெள்ளைக் குதிரை கட்சி. "குதிரைய மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே ஸ்க்ரூ முடுக்குனா டார்க்கு தானா வந்து நிக்கும்ணே. உங்க பாலத்தக் கேட்டுட்டு முடுக்குனா வண்டி ரோட்டுல கழண்டு போவும்" என்பான்.

இந்தச் சண்டை கேன்டீனில் நடக்கும். கம்பெனி பஸ்ஸில் நடக்கும். ஷேர் ஆட்டோவில் போனிலும் நடந்து, பேச்சு மும்முரத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி முத்துப்பாண்டி தாம்பரம் வரை போய்த் திரும்பியதும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் பாலம், குதிரை, கதவு என்ற சொற்களைக் கேட்டு, நாங்கள் ஏதோ மனை வாங்கி விற்கிறோம் என்று வெகுநாள் நம்பினார்கள்.

நான்காவது ஆள் கலைச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், படப்பையில் லேடீஸ் ஹாஸ்டல். டாஷ்போர்டுக்குப் பின்னால் கிளிப்புகளை வைத்து அழுத்துகிற வேலை. அவள் ஒருத்திதான் நாற்காலி கட்சி.

நாற்காலிக்கு முன்பே பாடகர் குழுவை விட்டுப் போய்விட்டார். கிதார்காரரே கரகரத்த குரலில் ஏதோ பாடி வைத்திருந்தார். பாதிப் பாட்டுகளில் டிரம்ஸே இல்லை. "அது ஆல்பமா? சாவு வூட்ல உக்காந்து காபி குடிக்கிற மாதிரி கீது" என்று ஜெரால்டு சொன்னதுதான் எங்கள் மூவரின் தீர்ப்பும். உண்மையில் நாங்கள் யாரும் அதை முழுதாகக் கேட்டதில்லை. இரண்டாவது பாட்டோடு நிறுத்திவிட்டு, முழுக்கக் கேட்டவர்கள் போலத் திட்டுவோம். ரசிகர்களுக்கு அந்த உரிமை உண்டு.

செல்வி கோபப்பட மாட்டாள். "எட்டு மணி நேரம் மிஷினு கத்துது. ரூமுக்குப் போனா ஆறு பேரு கத்துதாளுவ. கத்தாத ஆளு இவரு ஒருத்தருதான்ணே" என்பாள். ஷிப்ட் முடிந்து போனதும் ஹாஸ்டல் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அதைக் கேட்பாளாம். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த நேரம் மட்டும்தான். சொல்லியிருக்கிறாள். நாங்கள் அதையும் கிண்டல் செய்திருக்கிறோம்.

கிளிப் தேர்தல்

லைன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டாஷ்போர்டு நகர்ந்துகொண்டே வரும். ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்து அடுத்தவருக்கு விட வேண்டும். தலைக்கு மேலே நீளமாக ஒரு கயிறு ஓடும். ஏதாவது தப்பு கண்ணில் பட்டால் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் லைன் நிற்கும், விளக்கு எரியும், பாட்டு ஒன்று ஒலிக்கும். டீம் லீடர் பாட்டைக் கேட்டதும் ஓடி வந்து, கயிற்றை இன்னொரு முறை இழுத்து, பாட்டை நிறுத்திவிட்டு, என்ன கோளாறு என்று பார்க்க வேண்டும். அவர் வந்து நிறுத்தும் வரை பாட்டு பாடிக்கொண்டே இருக்கும்.

எந்த லைன் நின்றது என்று காதாலேயே தெரிய வேண்டும் என்பதற்காக லைனுக்கு ஒரு வாத்தியம். பக்கத்து லைனுக்குப் புல்லாங்குழல். அதற்கடுத்ததற்கு வயலின். எங்களுக்குக் கிதார். மிஷினோடு வந்த கிதார் மெட்டு, லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் போல இருந்தது. மேனேஜர் ஒரு நாள் மனமிரங்கி, பிடித்த மெட்டை நீங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுங்கள் என்றார். அவர் கோயம்புத்தூர்க்காரர். "சினிமாப் பாட்டு வேண்டாமுங்க, சாமி பாட்டும் வேண்டாமுங்க" என்று இரண்டே நிபந்தனை. முன்பு எப்போதோ இரண்டு நடிகர்களின் ரசிகர்கள் கேன்டீனில் தட்டால் அடித்துக்கொண்ட அனுபவம் அவருக்கு இருந்தது.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் வாயால் போட்ட சண்டைக்கு இப்போது ஓட்டுப்பெட்டியே வந்துவிட்டது. வெள்ளைக் கிளிப் பாலத்துக்கு, கறுப்பு குதிரைக்கு, நீலம் கதவுக்கு என்று முடிவானது. நாற்காலியை நாங்கள் சேர்க்கவே இல்லை. செல்வியும் கேட்கவில்லை. லைன் ஆட்கள் ஆளுக்கொரு கிளிப்பை அட்டைப் பெட்டியில் போட்டார்கள். மற்றவர்களுக்கு இந்தக் குழுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் லீவு தருகிறவன் ஜெரால்டு என்பது எல்லாருக்கும் தெரியும். நீலக் கிளிப் பெட்டியை நிறைத்தது.

ஜெரால்டு லட்டு வாங்கிக் கொடுத்தான். மஞ்சள் கதவின் முதல் பாட்டு, முதல் வரிக் கிதாரைத்தான் போட வேண்டும் என்று பக்கத்திலேயே நின்று ஏற்றச் சொன்னான். நானும் ஏற்றினேன்.

உலகத்தில் அதிகம் பிடித்த பாட்டை எடுத்து, கோளாறுக்கு மணியாகக் கட்டினோம். இதை எங்களைப் போன்ற ஆட்கள் மட்டுமே செய்வார்கள். காலை அலாரத்துக்குப் பிடித்த பாட்டை வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் பலன் கொஞ்சம் புரியும். ஜெரால்டுக்கு அது ஒரு நாளில் பலமுறை அடித்தது. ஒவ்வொரு முறையும் அவன் ஓடினான். வாரக்கணக்கில் ஓடி ஓடி, அந்தப் பாட்டு காதில் விழாமல் நேரே காலுக்குப் போக ஆரம்பித்தது.

எல்லாரும் கட்சி மாறினோம்

தண்டலத்திலிருந்து திரும்பிய மறுநாள் மேனேஜரிடம் பேசினேன். நெற்றி வீக்கத்தைச் சொன்னதும் இறங்கி வந்தார். "மாத்திக்குங்க. ஆனா கிதார் மாறக் கூடாது. இந்த ஒரு தடவதானுங்க" என்றார்.

மதியம் கேன்டீனில் நால்வரும் உட்கார்ந்தோம். முத்துப்பாண்டிதான் முதலில் வாயைத் திறந்தான். "வேற குழுவோட கிதாரு எதாச்சும் போட்டா என்ன?"

"நம்ம லைன்ல வேற குழுவா? இன்னா பேசற நீ?" என்று ஜெரால்டு சீறினான். கஷ்டப்படுகிறவனே அவன்தான். அவனே ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் மனம் ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரசிகன் என்பவன் இப்படிப்பட்ட ஜன்மம்தான்.

அப்படியானால் எங்கள் ஏழில் ஒன்று. மற்ற மூன்றிலும் கிதார் பியானோவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், மிஷின் சத்தத்தில் கேட்காது. ஆக, பாலம் அல்லது குதிரை.

பிறகு முத்துப்பாண்டி என்னைப் பார்த்து, குழைவாகச் சொன்னான். "யோசிச்சுப் பாத்தா பாலந்தான்ணே ஒசத்தி. நான் இத்தன நாளு சும்மா வம்புக்குச் சொன்னேன்."

நான் விடுவேனா? "இல்லப்பா, குதிரைய அடிச்சிக்க ஆளில்ல. அந்த டிரம்ஸ் வேற எதுல கீது?" என்றேன்.

"பாலத்துல ஒரு உண்மை இருக்குண்ணே."

"குதிரைல ஒரு வேகம் கீதுப்பா."

வருஷக்கணக்காக எதை மறுத்தோமோ, அதையெல்லாம் ஒருவருக்கொருவர் தாராளமாக ஒப்புக்கொண்டோம். எதிர்க்கட்சி ஆல்பத்தை இவ்வளவு நுணுக்கமாக நாங்கள் பாராட்டியதே கிடையாது. பாராட்டுக்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். ஜெரால்டுக்கும் தெரியும். அவன் டீ டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் பாலத்தைக் கொடுக்க வாய் வரவில்லை.

"நாற்காலியப் போடுங்க" என்றாள் செல்வி.

மூவரும் நிமிர்ந்தோம்.

"மூணாவது பாட்டு ஆரம்பத்துல கிதாரு நல்லா ஓங்கிக் கேக்கும். நீங்க யாரும் மூணாவது பாட்டு வரைக்கும் வந்ததில்ல, அதான் தெரியல."

"வேணாம் செல்வி. அப்புறம் நீ எத்த கேப்ப?" என்றான் ஜெரால்டு.

"பாப்பா தூங்கணும்லாண்ணே." அதற்கு மேல் விளக்கவில்லை. "ஒண்ணு கேக்கேன். ஏத்துறதுக்கு முன்னால மூணு பேரும் அத ஒரு தடவ முழுசாக் கேக்கணும். நடுவுல பேசக் கூடாது. பாட்டா இருக்கும்போதே கேட்டுருங்க."

படப்பை பஸ்

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஜெரால்டும் நானும் எங்கள் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போகிற படப்பை பஸ்ஸில் ஏறினோம். அன்று ஜெரால்டின் மனைவிக்கு வார விடுமுறை. என் வீடு மண்ணூரில். இங்கிருந்து படப்பை போய்த் திரும்புவது என்றால் வீட்டில் ஒரு பொய்யாவது சொல்ல வேண்டும். சொன்னேன்.

டிரைவர் எங்களுக்குத் தெரிந்தவர். செல்வியின் போனைப் பஸ் ஸ்பீக்கரோடு இணைத்துக் கொடுத்தார். ஏறிய மற்றவர்கள் வழக்கம்போல் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்கள்.

முதல் இரண்டு பாட்டும் நாங்கள் திட்டிய அதே பாட்டுகள். மூன்றாவதில் அந்தக் கிதார் தனியாக எழுந்து, யாரையோ கூப்பிடுவது போல இரண்டு முறை ஒலித்து நின்றது. பிறகு அந்தக் கரகரத்த குரல் வந்தது. அவர் பாடத் தெரியாமல் பாடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. பாட வேண்டியவன் போய்விட்டான், பாட்டு மிச்சமிருக்கிறது, யாராவது பாடித்தானே ஆக வேண்டும் என்று பாடுகிறார். டிரம்ஸ் வர வேண்டிய இடத்தில் வராமல் ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த இடைவெளிகளில் பஸ் எஞ்சின் உறுமியது. வெளியே கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. வாழ்க்கையில் முதல் முறையாக டிராபிக் தீரக் கூடாது என்று நினைத்தேன்.

முத்துப்பாண்டி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜெரால்டு முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தான். கடைசிப் பாட்டு முடிந்தபோது படப்பையே வந்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"நாம சண்டை போட்டதெல்லாம் வேஸ்ட்டுண்ணே" என்றான் ஜெரால்டு என்னிடம். கண் கலங்கியிருந்தது. "இதுதான் பெஸ்ட்டு." பிறகு செல்வியிடம் திரும்பினான். "தாயே, இது வேணாம். இத்த போய் அந்தக் கயித்துல கட்டிட்டா பாவம். நான் பாப்பாவ வேற எப்டியாச்சும் தூங்க வெக்கிறேன்."

"நல்லா இருக்குன்னு சொல்ல ரெண்டு வருசமா?" என்றாள் செல்வி. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "நான் நெறைய கேட்டுட்டேன்ணே. நீங்களும் கேட்டுட்டீங்க. திங்கக்கிழமை ஏத்திருங்க."

பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஜெரால்டும் நானும் அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். ஓடி ஓடி ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டிருந்த இத்தனை நாளில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை ஒரு முறையாவது கேட்டிருக்கலாம் என்று வருத்தமாக இருந்தது.

திங்கட்கிழமை

நான்தான் ஏற்றினேன். மூன்றாவது பாட்டு, ஆரம்பக் கிதார். பட்டனை அழுத்தும்போது கை தயங்கியது என்றெல்லாம் எழுதலாம். தயங்கவில்லை. கை அதன் வேலையைச் செய்தது. மனசுதான் கனத்தது.

முதல் ஷிப்ட் ஆரம்பித்து வெகுநேரம் லைன் நிற்காமலே ஓடியது. கோளாறே வரவில்லை. கண்டும் காணாமல் விடுகிறார்களோ என்று கூட எனக்குச் சந்தேகம் வந்தது. டீ இடைவேளைக்குச் சற்று முன் கயிறு அசைந்தது. விளக்கு எரிந்தது. அந்தக் கிதார் கூரை முழுக்க எழுந்தது.

இழுத்தவள் செல்விதான். கிளிப் ஒன்று உடைந்து வந்திருந்தது. கயிற்றை விட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஜெரால்டு ஓடவில்லை. அவனுடைய காலுக்கு இது இன்னும் தெரியாது. தன் மேஜை பக்கத்தில் அப்படியே நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். முத்துப்பாண்டியின் கையில் ஸ்க்ரூ கன் அப்படியே நின்றது. நானும் நின்றேன். கிதார் இரண்டு முறை கூப்பிட்டு, நின்று, முதலிலிருந்து மறுபடி கூப்பிட்டது.

செல்வி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். மிஷின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் உயர்ந்தது. அவள் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"ஜெரால்டண்ணே, என்ன நின்னுக்கிட்டு இருக்கீய? ஓடி வாங்க. இனிமே இது பாட்டு கெடையாது."

ஜெரால்டு ஓடினான்.